கோடு விழுந்திருக்கு

கேமராவ மாத்தாதீங்க சார். கார்டையும் மாத்தாதீங்க. வந்ததுல இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், கழட்டுறீங்க, மாட்டுறீங்க, லென்ஸைத் துடைக்கிறீங்க. படத்துல கருப்பா பட்டை பட்டையா ஓடுது, அதான? நடுநடுவுல மினுக்குது. கேமராவுல ஒரு கோளாறும் இல்ல. மேல பாருங்க. அந்த லைட்டுதான்.

உங்க கண்ணுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அது ஒரு செகண்டுக்கு நூறு தடவை மங்கி மங்கி எரியுது. நமக்கு ஒரே வெளிச்சமாத் தெரியும். கேமரா அப்படி இல்ல. மேல இருந்து கீழ வரி வரியாப் படிக்குமாம் அது. படிக்கிறப்ப வெளிச்சம் இருந்தா அந்த வரி வெளுப்பு, மங்குனா அந்த வரி கருப்பு. அதான் பட்டை.

குடுங்க இப்படி. தப்பா நினைக்காதீங்க. இந்தா, மெனுவுல என்.டி.எஸ்.சி.ன்னு இருக்கு பாருங்க, அது அமெரிக்காக்காரன் கரண்டுக்கு. நம்ம ஊருக் கரண்டுக்கு பி.ஏ.எல். அப்புறம் ஷட்டர். ஆயிரத்துல ஒண்ணு வெச்சிருக்கீங்க. நூறுல ஒண்ணு வைக்கிறேன். இப்பப் பாருங்க. போயிருச்சா?

போயிரும். ஆனா ஒண்ணு சார். பட்டை போயிரும், ஷட்டில்காக் தெளிவாத் தெரியாது. வெள்ளையா இழுத்துக்கிட்டுப் போகும், புகை மாதிரி. ஷட்டில் தெளிவா வேணும்னா பட்டைய சகிச்சுக்கணும். இந்த மாதிரி லைட்டுக்கு அடியில ரெண்டும் கிடைக்காது. உங்க பொண்ணு ஆடுறது ஞாபகத்துக்கு இருந்தாப் போதும்னா இதுவே போதும். உள்ள விழுந்துச்சா வெளிய விழுந்துச்சான்னு பாக்கணும்னா போதாது. நீங்க எதுக்கு எடுக்கிறீங்க? ஞாபகத்துக்கா? நல்லது. அப்படியே இருங்க.

நான் ஸ்டுடியோக்காரன் இல்ல சார். திண்டுக்கல்ல டைல்ஸ் கடை. இங்க கரூர்ல ஒரு சைட்டு அளக்கணும்னு வந்தேன், அப்படியே எட்டிப் பாத்தேன். என் பொண்ணும் ஆடுவா. இலக்கியா. பதினேழு வயசுக்குக் கீழ. அவளுக்கு மத்தியானம்தான் மேட்ச்.

எடுத்தேன் சார், நானும் எடுத்தேன். நீங்க இப்ப கேமராவுக்கு முக்காலி போட்டு உக்காந்திருக்கீங்களே, அதே மாதிரி. இன்னைக்குக் கையில கேமரா இல்ல. ஏன்னு கேக்குறீங்களா? சொல்றேன். உங்க பொண்ணு மேட்ச்சுக்கு இன்னும் நேரம் இருக்கில்ல? சொல்றேன்.

போன வருசம் டிஸ்ட்ரிக்ட் ஃபைனல். எங்க ஊரு ஷட்டில் அகாடமியிலதான் நடந்துச்சு. இலக்கியாவும் ரோஸ்லினும். ரோஸ்லின் யாருன்னா எங்க பக்கத்துத் தெருப் புள்ள. அவங்க அப்பா மரியதாஸ், போஸ்ட் ஆபீஸ்ல இருக்காரு. ரெண்டு புள்ளைகளும் ஒண்ணாவே சேந்ததுக, ஒண்ணாவே ஆடுறதுக, டபுள்ஸுக்கு ரெண்டும் ஜோடி. ஒரு நாள் என் ஸ்கூட்டர்ல போவாங்க, ஒரு நாள் அவர் வண்டியில. கோச் துரைசிங்கம், நாங்க மாஸ்டர்னு கூப்பிடுவோம், அவருக்கு ரெண்டும் ஒண்ணுதான். அப்படித்தான் நான் நினைச்சிருந்தேன்.

மூணாவது கேம். ரோஸ்லின் இருபது, இவ பத்தொன்பது. இவ பின்னாடிக் கோட்டுக்குத் தூக்கி அடிக்கிறா. ரோஸ்லின் ஷட்டிலுக்குக் கீழயே நிக்கிறா, ராக்கெட்டத் தூக்கல, விட்டுட்டா. விழுந்துச்சு. லைன்ல உக்காந்திருந்த புள்ள ரெண்டு கையையும் விரிச்சிருச்சு. அவுட். மேட்ச் முடிஞ்சிருச்சு.

நான் மேல கேலரியில இருந்து கத்துறேன், "உள்ள! உள்ள விழுந்துச்சு!"ன்னு. சார், நான் டைல்ஸ்காரன். தரையில ஒரு கல்லு மயிரிழை கோணிக்கிட்டு இருந்தா வாசல்ல நின்னே சொல்லுவேன். கோடு பாக்குறதுதான் என் பொழப்பே. எனக்குத் தெரியாதா? இறங்கி ஓடுனேன். இலக்கியா ஓடி வந்து என் சட்டையப் பிடிச்சு இழுக்கிறா. "அப்பா, விடுங்கப்பா. அது வந்து..." "நீ சும்மா இரு தாயி, அப்பா பாத்துக்கிறேன்"னு தள்ளி நிறுத்திட்டுப் போனேன்.

வீடியோ எடுத்திருந்தேன்ல? ரெஃப்ரிகிட்டக் காமிச்சேன், மாஸ்டர்கிட்டக் காமிச்சேன். என்ன ஆச்சு தெரியுமா? ஷட்டில் இறங்குது, இறங்குது, கோட்டுக்குப் பக்கத்துல வருது, சரியா அந்த நேரத்துல ஒரு கருப்புப் பட்டை வந்து அந்தக் கோட்டு மேல படுத்துக்கிருச்சு. அது விலகுறப்ப ஷட்டில் தரையில உருண்டுக்கிட்டு இருக்கு. உள்ளயா வெளியயா, அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

"தெரியலையே சார்"ன்னாரு ரெஃப்ரி. மாஸ்டர் என் தோள்ல கையப் போட்டு, "சின்னப் புள்ளைக சார், அடுத்த தடவை பாத்துக்கலாம்"ங்கிறாரு. அடுத்த தடவையாம். தோத்தது அவர் புள்ளையா? அந்தப் பக்கம் போயி ரோஸ்லின் தலையத் தடவிக் குடுக்கிறாரு. நாலு வருசமா என் பொண்ணுக்குச் சொல்லிக் குடுத்த மனுசன். மழை வந்தா அந்த அகாடமி வாசல்ல தண்ணி நிக்கும், என் ஆளுகள அனுப்பி தரை போட்டுக் குடுத்தேன். அந்தத் தரையில நின்னுக்கிட்டு என்கிட்ட அடுத்த தடவைங்கிறாரு.

சரி, விடமாட்டேன்னு முடிவு பண்ணேன். யாருக்காக? எனக்காகவா? நான் என்ன ராக்கெட்டப் பிடிச்சு ஆடப்போறேன்?

முதல் காரியமா ரோஸ்லினோட போக்குவரத்த நிறுத்துனேன். இனிமே நானே கொண்டு போயி விடுறேன், மரியதாஸ் வண்டியில ஏறக்கூடாதுன்னுட்டேன். டபுள்ஸும் வேணாம்னு மாஸ்டர்கிட்டச் சொல்லிட்டேன். இலக்கியா ஒண்ணும் சொல்லல சார். "சரிப்பா"ன்னா. அவ்வளவுதான். ஒரு வார்த்தை எதுத்துப் பேசல. அப்ப அவளுக்கும் சம்மதம்னுதான அர்த்தம்?

அடுத்து அந்தப் பட்டை. அத ஒழிக்காம இன்னொரு மேட்ச் கிடையாதுன்னு உக்காந்தேன். இப்ப நீங்க பண்ணீங்களே, அதெல்லாம் பண்ணேன். கார்ட மாத்துனேன். பேட்டரிய மாத்துனேன். லென்ஸுக்கு முன்னாடி போடுற கண்ணாடியக் கழட்டிப் பாத்தேன். மச்சான்கிட்ட ஒரு கேமரா கடன் வாங்கி எடுத்தேன், அதுலயும் பட்டை. என் போன்ல எடுத்தேன், அதுலயும் பட்டை. வீட்டு மொட்டைமாடியில வெயில்ல எடுத்தா சுத்தமா வருது. உள்ள போனா பட்டை. பைத்தியம் பிடிச்சிரும்போல இருந்துச்சு சார்.

அப்புறம்தான் கனகுகிட்டப் போனேன். கனகராசு, என்கூடப் படிச்சவன், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஸ்டுடியோ வெச்சிருக்கான். அவன் வந்து மேல பாத்தான், சிரிச்சான். பழைய லைட்டெல்லாம் கழட்டிட்டு மலிவா எல்.இ.டி. மாட்டியிருக்காங்கடா, கரண்டோட சேந்து இதுவும் துடிக்குதுன்னான். நான் இப்ப உங்களுக்குச் சொன்னேனே, அதெல்லாம் அவன் சொன்னதுதான். நூறுல ஒண்ணு வெச்சுக் குடுத்தான். பட்டை போச்சு. ஷட்டில் புகையாப் போச்சு. ஆயிரத்துல ஒண்ணு வெச்சான். ஷட்டில் இறகு இறகாத் தெரியுது, பட்டை வந்துருச்சு. ரெண்டுல ஒண்ணத் தேர்ந்தெடுத்துக்கடான்னான்.

அவன்கிட்ட இன்னொரு உதவியும் கேட்டேன். அந்த ஃபைனல் வீடியோவக் குடுத்து, "கனகு, இந்தப் பட்டைய எடுத்துட்டு உள்ள இருக்கிற ஷட்டில வெளிச்சமாக்கிக் குடுடா"ன்னேன். உக்காந்து பாத்தான். "அங்க ஒண்ணும் பதியலடா. பதியாதத எங்க இருந்து எடுக்க?"ன்னான். "கோட்டுக்குக் கொஞ்சம் உள்ள தள்ளி வெச்சுக் குடுக்கலாம்ல? அங்கதான விழுந்துச்சு?"ன்னேன். என்னைப் பாத்தான் சார் ஒரு பார்வை. கம்ப்யூட்டர அணைச்சுட்டு, "டீ சாப்பிடுறியா?"ன்னான். நான் என்ன பொய்யா பண்ணச் சொன்னேன்? நடந்ததத்தான காட்டச் சொன்னேன்? கூடப் படிச்சவன். அவன் கல்யாணத்துக்கு மண்டபத்துல ரெண்டு நாள் பந்தி விசாரிச்சவன் நான். கையில தொழில் இருந்தும் பண்ண மாட்டேன்னுட்டான்.

அதுக்கப்புறம் நானே பழகிக்கிட்டேன். காலையில அகாடமி திறந்ததும் போயிருவோம். நான் கோட்டு ஓரத்துல தரையில படுத்துக்கிட்டுக் கேமராவ வைப்பேன். இலக்கியா அந்தப் பக்கம் நின்னு கோட்டப் பாத்து அடிக்கணும். அடிப்பா. பாப்பேன். பட்டை வந்திருக்கும். ஷட்டர மாத்துவேன். "இன்னொண்ணு அடி தாயி." அடிப்பா. புகையா இருக்கும். "இன்னொண்ணு." கேமராவ இடம் மாத்துவேன். "இன்னொண்ணே இன்னொண்ணு." இப்படியே போகும் பள்ளிக்கூட நேரம் வரைக்கும். ஒரு நாள் மணிக்கட்டு லேசா வீங்கியிருந்துச்சு. "வலிக்குதுப்பா"ன்னா. தைலம் போட்டு விட்டேன். ஒரே இடத்துல திரும்பத் திரும்ப அடிக்கிறது பிராக்டிஸ்தான சார்? நல்லதுதான? என் வீட்டம்மா விமலா சண்டை போட்டா. "புள்ள சரியாச் சாப்பிட மாட்டேங்குது, ரூமுக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கிருது, நீங்க லைட்டப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கீங்க"ன்னா. பத்தாங்கிளாஸ் வருதுல்ல, அந்தப் பயம்னு நினைச்சேன்.

கடைசியில என்ன பண்ணேன் தெரியுமா? லைட்டையே மாத்திட்டேன். ஆமா சார். மினுக்காத லைட்டுன்னு தனியா வருது, உள்ள இருக்கிற சாமான் நல்லதாப் போட்டிருப்பான், கரண்டு துடிச்சாலும் அது துடிக்காது. அத மெட்ராஸ்ல இருந்து வரவழைச்சு முதல் கோர்ட்டுக்கு மேல என் செலவுல மாட்டிக் குடுத்தேன். மாஸ்டர் கும்பிட்டாரு. உபயம்னு கடை பேரப் போட்டு ஒரு போர்டும் வெச்சாங்க. மாட்டி முடிச்சுட்டுக் கேமராவ வெச்சு எடுத்தேன். ஆயிரத்துல ஒண்ணு. ஐயோ சார், பட்டப்பகல் மாதிரி. ஷட்டில் அடியில இருக்கிற தக்கை தரையில படுறது, இறகு விரிஞ்சு சுருங்குறது, எல்லாம் தெரியுது. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு.

அதோட விட்டேனா? டிஸ்ட்ரிக்ட் அசோசியேஷன் கூட்டத்துல போயிப் பேசுனேன். வெளிநாட்டுல எல்லாம் கேமரா வெச்சுப் பாத்துத்தான தீர்ப்பு சொல்றான், நம்ம புள்ளைகளுக்கு மட்டும் ஏன் அநியாயம் நடக்கணும்னேன். கை தட்டுனாங்க சார். கடைசிக்கு ஒத்துக்கிட்டாங்க. சந்தேகம் வந்தா, அந்த முதல் கோர்ட்டுல, வீடியோ தெளிவா இருந்தா, ரெஃப்ரி பாக்கலாம். என்னால வந்த ரூல் அது.

மறுபடி டிஸ்ட்ரிக்ட் வந்துச்சு. மறுபடி ஃபைனல். மறுபடி அதே ரெண்டு புள்ளைக. முதல் கோர்ட்டு. என் லைட்டு. நான் பின்கோட்டுக்கு நேரா கேலரியில கேமராவ வெச்சு உக்காந்திருக்கேன். இந்தத் தடவை எவனும் ஏமாத்த முடியாதுன்னு.

என்ன ஆட்டம் ஆடுனா தெரியுமா! ஆளுக்கொரு கேம். மூணாவதுல இவ இருபது, அவ பத்தொன்பது. ரோஸ்லின் ஓங்கி அடிக்கிறா பின்னாடிக் கோட்டுக்கு. இவ போறா, போயிப் பாத்து விட்டுட்டா. லைன் ஜட்ஜ் கைய விரிச்சுட்டாரு. அவுட்! ஜெயிச்சுட்டா சார் என் பொண்ணு! நான் எந்திரிச்சுக் குதிக்கிறேன், பக்கத்துல இருந்தவரக் கட்டிப்பிடிக்கிறேன்.

கீழ பாத்தா ரோஸ்லின் நெட்டுக்கிட்ட வரல. கோட்டையே பாத்துக்கிட்டு நிக்குது. மரியதாஸ் மெதுவா எந்திரிச்சு என்கிட்ட வந்தாரு. சத்தம் போடல மனுசன். "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீடியோவுல ஒரு தடவை பாத்துரலாமா? புள்ள மனசு ஆறிக்கும்"னாரு. அதுக்குள்ள ரெஃப்ரியும் கீழ இருந்து கூப்பிடுறாரு, "சார், நீங்கதான கேட்டீங்க இந்த ரூல, கொண்டு வாங்க"ன்னு.

நடந்துக்கிட்டே பின்னாடி ஓட்டிப் பாத்தேன் சார். படியில நின்னு பாத்தேன்.

கோட்டு மேல. தக்கை முழுசும் கோட்டு மேல. கோட்டுல பட்டாலே உள்ளன்னுதான் கணக்கு. ஒரு பட்டை இல்ல, ஒரு மினுக்கல் இல்ல. சுண்ணாம்புல வெச்ச மாதிரி வெள்ளைக் கோட்டு நடுவுல விழுந்திருக்கு.

நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? சொல்லுங்க. இல்ல, சொல்லுங்க சார். உங்க புள்ள கீழ நிக்குது, ஜெயிச்சாச்சு, போன வருசம் அநியாயமாத் தோத்த புள்ள. ஒரு வருசமாக் கை வீங்க அடிச்ச புள்ள. நான் கீழ இறங்குனேன். ரெஃப்ரி கைய நீட்டுறாரு. நான் கேமராவக் குடுக்கல. "படத்துல கோடு விழுந்திருக்கு சார். அந்த இடத்துல சரியாத் தெரியல"ன்னேன்.

மரியதாஸ் தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. ரெஃப்ரி மேல லைட்டப் பாக்குறாரு, அந்தப் போர்டப் பாக்குறாரு, என்னைப் பாக்குறாரு. "இந்த லைட்டுக்குக் கோடே வராதுன்னு நீங்கதான சார் கூட்டத்துல சொன்னீங்க?"ன்னாரு. "கரண்டு ஏத்த இறக்கமா இருக்கு போல"ன்னு நானும் சொல்லிட்டேன். அவரும் என்ன பண்ணுவாரு? தோளக் குலுக்கிட்டுப் போகத் திரும்புனாரு. முடிஞ்சிருச்சு சார். அதோட முடிஞ்சிருச்சு.

இலக்கியா தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்தவ பாட்டில மூடி வெச்சுட்டு வந்தா. கேமரா என் கையில திறந்துதான் இருக்கு, எட்டிப் பாத்தாத் தெரியும். அவ ஸ்க்ரீனப் பாக்கவே இல்ல சார். என்னைப் பாத்தா. என் மூஞ்சியையே பாத்தா. பாத்துட்டு ரெஃப்ரிகிட்டத் திரும்பி, "உள்ள விழுந்துச்சு அங்கிள். கோட்டு மேலதான். நான் பக்கத்துல நின்னு பாத்தேன்"னா.

சுத்தி அத்தனை பேரு. மாஸ்டர் நிக்கிறாரு, அசோசியேஷன் ஆளுக நிக்கிறாங்க, கனகு வேற போட்டோ எடுக்க வந்திருக்கான். அத்தனை பேரு முன்னாடியும் பெத்த அப்பன் பொய் சொல்றான்னு ஆக்கிட்டா. அப்படி ஒரு வார்த்தை சொல்லல, உண்மைதான். ஆனா வேற என்ன அர்த்தம் அதுக்கு? நெஞ்சுல கத்தி இறக்குன மாதிரி இருந்துச்சு. எவனோ செஞ்சா தாங்கிக்கலாம். மாஸ்டர் செஞ்சாரு, தாங்குனேன். கனகு செஞ்சான், தாங்குனேன். இவ?

இருபதுக்கு இருபதுன்னு மாத்திட்டாங்க. அடுத்த ரெண்டு பாயிண்டும் ரோஸ்லினுக்குப் போச்சு. முடிஞ்சதும் அந்தப் புள்ள நெட்டைத் தாண்டி இந்தப் பக்கமே வந்துருச்சு. ரெண்டும் கட்டிப்பிடிச்சுக்கிட்டு அழுவுதுக. ஜெயிச்சதும் அழுவுது, தோத்ததும் அழுவுது. எனக்கு ஒண்ணும் விளங்கல.

ஸ்கூட்டர்ல வீட்டுக்கு வர்றப்ப கேட்டேன். பழனி ரோட்டுல ஓரமா நிறுத்திட்டே கேட்டேன். "ஏன் தாயி அப்படிச் சொன்ன? நீ வாயத் திறக்காம இருந்திருந்தாலே போதுமே"ன்னேன். ஸ்கூட்டர விட்டு இறங்கி நின்னா. அப்புறம் சொல்றா, "போன வருசத்து ஷட்டில் வெளியதாம்பா விழுந்துச்சு."

"என்னது?"

"கொஞ்சம் ஜாஸ்தியா அடிச்சுட்டேன். அடிச்சதுமே கையிலயே தெரிஞ்சிருச்சு. ரோஸ்லின் சரியாத்தான் விட்டா."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? சொல்லுங்க சார். ஒரு வருசம். லைட்டு, கேமரா, கூட்டம், சண்டை, எல்லாம். "இத ஏண்டி அன்னைக்கே சொல்லல?"ன்னு கேட்டேன். "சொன்னேம்ப்பா"ங்கிறா. "அன்னைக்குக் கோர்ட்டுல சொல்ல வந்தேன். வீட்டுல சொல்ல வந்தேன். நீங்க வீடியோ பாத்துக்கிட்டு இருந்தீங்க"ங்கிறா.

எங்க சொன்னா? எப்பச் சொன்னா? எனக்கு ஞாபகமே இல்ல. ஒரு வார்த்தை பளிச்சுனு சொல்லியிருந்தா நான் ஏன் இப்படி அலைஞ்சிருக்கப் போறேன்? இத்தனை மாசமா மனசுல வெச்சுக்கிட்டே என்னை அலைய விட்டுட்டா பாருங்க. அதத்தான் என்னால தாங்க முடியல. வெளியாளு ஏமாத்துனாக் கேக்கலாம். வீட்டுக்குள்ளயே இருந்துக்கிட்டு, நான் போட்ட சோத்தத் தின்னுக்கிட்டு... சரி விடுங்க. சோறுன்னு சொல்லக்கூடாது. கோவத்துல வருது.

அப்புறம் என்ன? இப்ப விமலாதான் அவள அகாடமிக்குக் கூட்டிக்கிட்டுப் போறா. இல்லாட்டி மரியதாஸ் வண்டி. டபுள்ஸ் மறுபடி ரெண்டு பேரும் சேந்து ஆடுறாங்களாம், அதையும் மாஸ்டர் சொல்லித்தான் தெரியும், வீட்டுல யாரும் சொல்லல. ஒரு மேட்ச்சுக்கு நான் கிளம்புனப்ப வாசல்ல வந்து நின்னா. "வாங்கப்பா. கேமரா மட்டும் வேணாம்"னா. மரியாதையாத்தான் சொன்னா. நான் போகல. கேமராவக் கனகுகிட்டயே குடுத்துட்டேன், வெச்சுக்கடான்னு. அவன் அதுலதான் இப்பக் கல்யாணம் எடுக்கிறான், நல்லா இருக்காம்.

இன்னைக்கு வந்தது அவளுக்குத் தெரியாது. சைட்டு அளக்கணும்னு சொன்னேன்ல உங்ககிட்ட? அளக்கணும்தான். சாயங்காலம் அளந்தாக்கூட போதும்.

அங்க பாருங்க. உங்க பொண்ணு கோர்ட்டுதான அது, நடுவுல இருக்கிறது? அந்தப் பக்கத்து மூலையில நாற்காலி போட்டு உக்காந்திருக்கில்ல ஒரு புள்ள, நீலக் கலர் டிராக் பேண்ட்டு, முடியத் தூக்கிக் கட்டியிருக்கு. அதான் இலக்கியா. சின்னப் புள்ளைக மேட்ச்சுக்குப் பெரிய புள்ளைகள லைன் பாக்க உக்கார வைப்பாங்க. எங்க மாவட்டத்துல யாரு கேட்டாலும் இப்ப இவளத்தான் கூப்பிடுறாங்களாம். அன்னைக்கு நடந்தது அப்படிப் பரவிப் போச்சு. இதுல என்ன சார் பெருமை? மத்தியானம் மேட்ச் வெச்சுக்கிட்டுக் காலையிலேயே இப்படிக் கண்ணு நோக உக்காந்திருக்கா. ஏதாவது சாப்பிட்டாளோ என்னமோ. மூஞ்சி வாடிக் கிடக்கு.

இங்க பாக்குறாளா? இல்ல, இல்ல. அவ கோட்ட விட்டுக் கண்ண எடுக்க மாட்டா.

உங்க பொண்ணு ஆரம்பிச்சிருச்சு. எடுங்க, எடுங்க. நல்லா ஆடுது சார் புள்ள. பேரு என்ன சொன்னீங்க, மகிழினியா? கால் நல்லாப் போகுது. முன்னாடி வர்றப்ப மட்டும் ஒரு அடி லேட்டு, அது சரியாயிரும். அடி தாயி. அப்படித்தான். பாத்தீங்களா, எதிராளி திணறுது. தூக்கு, பின்னாடித் தூக்கு...

அடடா.

அவுட்டுங்கிறா. ரெண்டு கையையும் விரிச்சுட்டா.

உக்காருங்க சார். சார், உக்காருங்க. கத்தாதீங்க, உங்க பொண்ணு உங்களத்தான் பாக்குது. உள்ள விழுந்த மாதிரிதான் எனக்கும் தெரிஞ்சுச்சு. மறைக்கல, இங்க இருந்து பாத்தா உள்ளதான். என்ன, பின்னாடி ஓட்டிப் பாக்கப் போறீங்களா? பாருங்க, உங்க கேமரா, உங்க இஷ்டம். நான் பாக்க மாட்டேன். வெளியதான் விழுந்திருக்கும். பெத்த அப்பனுக்காக ஒரு பொய்யி, ஒரே ஒரு பொய்யி சொல்ல மாட்டேன்னுட்டா சார் அவ. உங்க புள்ளைக்கு எதிராச் சொல்லவா போறா?